மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குறுங்குடி



எம்பெருமான் உகந்தருளின நிலங்களில் மலையை இடமாகக் கொண்டவை உண்டு, திருவேங்கடம் அத்தகையது. கடலோரத்தை இடமாகக் கொண்டவை உண்டு. திருக்கடல்மல்லையும் திருப்புல்லாணியும் அத்தகையன. மலையைப் பின்புறத்தும் கடலை முன்புறத்தும் வைத்து, இரண்டுக்கும் நடுவே வயல் சூழ்ந்த ஒரு சிற்றூரில் அவன் நின்றருளும் இடம் ஒன்று பாண்டிநாட்டுத் திவ்யதேசங்களில் உண்டு. அதுவே திருக்குறுங்குடி.

திருநெல்வேலியிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் நாங்குநேரி வரும். அங்கே வானமாமலைப் பெருமாளை ஸேவித்துக்கொண்டு, ஏர்வாடி வழியாக மேற்கே திரும்பினால், மஹேந்த்ர மலைத்தொடர் மெள்ள மெள்ள உயர்ந்து வந்து வானத்தின் பாதியை மறைத்து நிற்கும். அதன் அடியில் ஊர். கிழக்கேயும் தெற்கேயும் நிலம் சரிந்துகொண்டே போய், வாழைத் தோட்டங்களையும் பனங்காடுகளையும் செம்மணல் தேரிகளையும் கடந்து, மன்னார் வளைகுடாவில் முடிகிறது. ஊரில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் தெரியாது. ஆயினும் அவ்வூரைக் கடலோடு கட்டிவைத்த கயிறு ஒன்று உண்டு. மேற்கு மலையில் பிறந்து, ஊரைத் தொட்டு ஓடி, கிழக்குக் கடலிலே சேரும் சிற்றாறு அது. அதன் பெயர் நம்பியாறு. மலையிலும் ஊரிலும் கடல்துறையிலும் அந்த ஆறு சுமப்பது பெருமாள் திருநாமத்தையே.

இந்த மஹேந்த்ரத்தை மிதித்துத்தான் திருவடியாகிய அநுமன் கடலைத் தாவினார் என்பது பெரியோர் கொள்கை. வடக்கே கலிங்கத்திலும் மஹேந்த்ரம் என்று ஒரு மலை உண்டு. பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டுவதில்லை, தென்கடலைத் தாவத் தென்மலை வேண்டும். இந்நாளில் அதே மலைச்சரிவில் இஸ்ரோ நிறுவனம் ராக்கெட்டுகளின் உந்துவிசைப் பொறிகளைச் சோதித்து வருகிறது. மேலே பாய்வதற்கு அந்த மலையையே அவர்களும் தேர்ந்தது ஒரு பொருத்தந்தான். ஆனால் பாய்ந்தவர் புறப்பட்ட மலையின் அடியிலே, பாயாமல், போகாமல், நின்றுவிட்டவன் ஒருவன் இருக்கிறான். யாத்ரீகர் தேடி வருவது அவனை.

ஊரின் திருநாமத்தைச் சற்று ஆராய வேண்டும். பிரளயக் கடலில் ஆழ்ந்த பூமிப்பிராட்டியை எடுக்க எம்பெருமான் கொண்ட வராஹத் திருமேனி எத்தகையது? மலைகள் அதன் குளம்புக்குள் அடங்கும். கடல்கள் அதன் கணுக்காலுக்கு எட்டா என்று வர்ணிப்பர். அவ்வளவு பெரிய திருமேனியை இங்கே குறுக்கிக்கொண்டு பிராட்டியோடு எழுந்தருளியபடியால் இது குறுங்குடி ஆயிற்று என்பது தலவரலாறு. வாமந க்ஷேத்ரம் என்றும் இதற்கு ஒரு பெயர் வழங்கும். அங்கும் அதே செய்திதான். உலகை அளக்கப் போகிறவன் முதலில் குறளுருவாக வந்து நின்றான். இப்படிக் குறுகிய இடத்தில் நிற்பவனுக்கு ஆழ்வார்கள் இட்ட பெயரோ 'நம்பி'. நம்பி என்றால் குணங்களால் நிறைந்தவன், ஒன்றும் குறையாதவன் என்று பூர்வாசார்யர்கள் பொருள் காட்டுவர். குடி குறியது; குடியிருப்பவன் பூர்ணன். இந்த இரண்டு சொற்களும் எதற்காகச் சேர்ந்தன என்று கேட்பாரில்லையேல் அவ்வூருக்குப் போய் வந்தும் போகாதவரே ஆவர்.

ஏன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது? இப்போது திவ்யதேச யாத்திரை பெருகியிருக்கிறது, அது நன்றே. ஆனால் ஒரு வண்டி, ஒரு பகல், ஆறேழு ஸந்நிதி என்று கணக்கிட்டுக்கொண்டு வருகிறார்கள். நவதிருப்பதி முடிந்தது, வானமாமலை முடிந்தது, குறுங்குடி முடிந்தது என்று விரல் விட்டு எண்ணுகிறார்கள். எம்பெருமான் என்ன, அளந்து போடும் நெல்லா? பெரியவன் தன்னைக் குறுக்கிக்கொண்டது நாம் நின்று பார்ப்பதற்காக. நாமோ அவனுக்கு நம் நேரத்தைக் குறுக்கிக் கொடுக்கிறோம்.

இங்கே நம்பி ஐந்து இடங்களில் ஸேவை ஸாதிக்கிறான். கோயிலுக்குள்ளே நின்றநம்பி, இருந்தநம்பி, கிடந்தநம்பி, வெளியே ஆற்றை அடுத்துத் திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி. பிராட்டி குறுங்குடிவல்லி நாச்சியார். மலைமேல் நம்பியை ஸேவிக்க வேண்டுவோர் காட்டுவழியே ஏறவேண்டும். அக்காடு 1988 முதல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியது. காட்டிலாகாவின் நேரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே போய்வர முடியும். அங்கே பாறைகளுக்கிடையே தெளிந்து விழும் நீரைக் கண்டவர், கீழே வறண்ட நாளில் மணலாய்க் கிடக்கும் ஆறு இதுதானா என்று வியப்பர். மலைமேல் ஒரு நம்பி, திருப்பாற்கடல் என்னும் கடற்பெயரோடு ஒரு நம்பி. மலையும் கடலும் அவன் வாசலுக்கே வந்துவிட்டன என்று ரஸிக்கலாம்.

ஊர் சிறிது, வந்தவர் வழியோ நெடிது. மலைக்கு அப்பாலிருந்து வந்தார் வேணாட்டு மன்னர் ஆதித்யவர்மர். அவர் இக்கோயிலுக்கு ஒரு மணியை ஸமர்ப்பித்தார். அதில் பொறித்த வடமொழி ச்லோகத்தில் ஆண்டு 'பவதி' என்ற ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. கடபயாதி முறையில் ப நான்கு, வ நான்கு, தி ஆறு. தலைமாற்றிப் படிக்கக் கொல்லம் ஆண்டு 644, அதாவது 1468–69. காளிதாஸனைப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடபயாதி கற்பிப்பவர் இம்மணியை உதாரணமாகக் காட்டினால் அவர்கள் மறக்கமாட்டார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்தவரையும் கோயில் மறக்கவில்லை. கோபுரத்துச் சிற்பங்களிலே ஒரு கப்பல் இருக்கிறது. கடலே தெரியாத ஊரில் கப்பலைச் செதுக்கிய சிற்பி அதை எங்கே கண்டானோ!

மன்னனுக்கு வாசல் திறந்திருந்தது. மலையடிவாரத்திலிருந்தே வந்த ஒருவருக்குத்தான் அது திறக்கவில்லை. இத்தலத்தின் பெருமை அவரால் வந்தது.

அவரைச் சண்டாள குலத்தில் பிறந்தவர் என்கிறது கைசிக மாஹாத்ம்யம். வராஹ புராணத்தில், பூமிப்பிராட்டி கேட்க வராஹப் பெருமானே தன் வாயால் சொன்னது அது. யாருடைய கதை? வேள்வி செய்தவன் கதையன்று. தானம் செய்தவன் கதையன்று. இரவெல்லாம் விழித்து யாழ் மீட்டிப் பாடிய ஒருவர் கதை. நம்பாடுவான் என்ற திருநாமத்தால் அவரை ஸம்ப்ரதாயம் போற்றுகிறது. 'பாடுவான்' என்பது தொழில். 'நம்' என்பது எம்பெருமான் சேர்த்தது. ஊரார் எட்டி நில் என்று சொன்னவனை அவன் 'நம்மவன்' என்றான்.

இவர் ஒவ்வோர் இரவும் பின்யாமத்தில் புறப்பட்டு, கோயில் வாசலுக்கு வெளியே நின்று பாடிவிட்டு, பிறர் எழுந்திருக்குமுன் திரும்பிவிடுவார். பல ஆண்டுகள் இப்படி. உள்ளே நிற்பவன் கறுப்போ சிவப்போ, நிற்கிறானோ இருக்கிறானோ, கண்டதில்லை. காணாமலே பாடினார். கார்த்திகை மாதம் சுக்லபக்ஷ ஏகாதசி இரவில், வழியில் ஒரு ப்ரஹ்மராக்ஷஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. பல நாள் பட்டினி. உன்னைத் தின்னப் போகிறேன் என்றது. நம்பாடுவான் உயிருக்கு அஞ்சினாரா? இல்லை. "தின்றுகொள்; இவ்வுடல் உனக்கு உதவுமானால் நன்றே. ஆனால் விரதம் குறையாதபடி பாடிவிட்டு வந்துவிடுகிறேன், அதுவரை பொறு" என்றார். பிடிபட்ட இரை திரும்பி வரும் என்று எந்த ராக்ஷஸ் நம்பும்?

ஆகையாலே அவர் சபதம் செய்தார். ஒன்றன்று, பதினெட்டு. நான் திரும்பி வாராவிடில், கொடுத்த நிலத்தைப் பறித்துக்கொண்டவன் பாவம் என்னைச் சேர்க; ஒருவன் வீட்டில் உண்டு அவனையே வைதவன் பாவம் சேர்க; தருகிறேன் என்று சொல்லித் தராதவன் பாவம் சேர்க; தாகத்தோடு நீர் குடிக்க வந்த பசுவைத் தடுத்தவன் பாவம் சேர்க; பந்தியில் உட்கார்ந்தவர்க்குள் வேறுபாடு செய்து உண்டவன் பாவம் சேர்க. இப்படி அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், ஸர்வேச்வரனான நாராயணனை மற்றைத் தெய்வங்களோடு ஒப்பாக நினைத்தவன் அடையும் பாவத்தை நான் அடைவேன் என்றார். அது கேட்டு ராக்ஷஸ் நடுங்கி அவரை விட்டது. இந்தக் கடைசிச் சபதத்தையே எல்லாரும் எடுத்துப் பேசுவர், பேசத்தக்கதே. ஆயினும் நடுவில் வந்த பசுவையும் பந்தியையும் விட்டுவிடலாகாது. தாகத்தைத் தடுப்பதும் பந்தியில் பிரிப்பதும் எத்தகைய பாவம் என்று, தடுக்கப்பட்டவர், பிரிக்கப்பட்டவர் வாயாலே வருகிறது. அவர் ஏட்டில் படித்துச் சொன்னதாக அது தோன்றவில்லை.

விடுபட்டவர் ஓடோடி வந்து வாசலில் நின்றார். இதுவே கடைசி இரவு. நாளை இந்த நாக்கு இருக்காது. ஒரு முறையாவது காண வேண்டும் என்ற ஏக்கம் அன்று எழாதிருக்குமா? எதிரே கொடிமரம் நின்று மறைத்தது. அவர் விலகு என்று கேட்கவில்லை, பாடத்தான் செய்தார். நம்பியே கொடிமரத்தை விலகச் செய்து தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்பது அத்தலத்தார் வழிவழியாகச் சொல்லி வருவது. இன்றைக்கும் அங்கே கொடிமரம் ஸந்நிதிக்கு நேராக இல்லாமல் ஒருபுறம் ஒதுங்கியே நிற்கக் காணலாம்.

ஆகம விதி அறிந்தவர்க்கு ஒரு ஸந்தேஹம் எழும். த்வஜஸ்தம்பம் ஸந்நிதிக்கு நேரே நிற்க வேண்டியதன்றோ? அப்படியே. விதி செய்தவனும் அவன். ஓர் அடியாருக்காக அதை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்தவனும் அவன். அந்த ஒதுங்கிய கொடிமரத்தின் கீழ்தான் எத்தனை தலைமுறையாக அர்ச்சகர்களும் அத்யாபகர்களும் தீர்த்தம், சடகோபம் பெற்று நடந்தார்கள்! ஆண்டுதோறும் கைசிக புராணம் வாசித்தார்கள். கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். வாசல் மட்டும் நம்பாடுவான் குலத்தாருக்கு அடைத்தே இருந்தது. மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று. இப்பால் சென்னை மாகாணத்தில் 1939-இல் ஒரு சட்டமும் 1947-இல் ஒரு சட்டமும் செய்யவேண்டியிருந்தது. மரம் விலகிற்று, மனிதர் விலகச் சட்டம் வேண்டியிருந்தது. ஸம்ப்ரதாயத்தில் பற்றுள்ளவர்கள் இதைச் சொல்லக் கூசவேண்டியதில்லை, கேட்கத்தான் கூசவேண்டும். திருக்குறுங்குடிக்குப் போகிறவர் நேரே கர்ப்பக்ருஹத்துக்கு விரையாமல், அக்கொடிமரத்தருகே சற்று நின்று, அன்று வெளியே நின்றவருக்கு எது மறைத்தது, இன்று எவருக்கு எது மறைக்கிறது என்று எண்ணிப் பார்த்தபின் உள்ளே புகுவது தகும்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். தரிசனம் கிடைத்துவிட்டது, ராக்ஷஸ் தொலைவில் இருக்கிறது, வேறு வழியாக வீடு போய்விடலாம். நம்பாடுவான் முன்னிலும் வேகமாக ராக்ஷஸை நோக்கி நடந்தார். வழியில் ஒரு கிழவர் எதிர்ப்பட்டு, "அப்பா, எங்கே இவ்வளவு விரைவு? அந்தப் பக்கம் ராக்ஷஸ் இருக்கிறது, உயிரைக் காக்கச் சொன்ன பொய் பாவமாகாது, திரும்பிப் போ" என்றார். "ஸ்வாமி, சொன்ன சொல்லை விட்டு இவ்வுயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?" என்று வணங்கிவிட்டு மேலே நடந்தார். அக்கிழவர் நம்பியே என்பர். ஸோதனை செய்ய வந்தான் என்று சிலர் சொல்லுவர். ஸோதனை என்பானேன்? பாட்டுக்கு ஆசைப்பட்டவன், பாடுகிறவனை இழக்க மனமின்றி ஒருகால் தடுத்துப் பார்த்தான் என்று கொண்டால் அவன் ஸௌலப்யத்துக்கு அது இன்னும் சேரும்.

திரும்பி வந்தவரைக் கண்டு ராக்ஷஸ் திகைத்தது. தின்னக் காத்திருந்தது இப்போது யாசிக்கத் தொடங்கிற்று. "நீ பாடிய பாட்டின் பலனைக் கொடு, உன்னை விட்டுவிடுகிறேன்" என்றது. அவர் மறுத்தார். பாதியாவது கொடு என்றது. மறுத்தார். ஒரு யாமத்தின் பலன் என்றது. அதற்கும் மறுத்தார். தின்கிறேன் என்றுதானே பேச்சு, தின்றுகொள் என்றார். அப்போது அது காலில் விழுந்து தன் கதையைச் சொல்லிற்று. முற்பிறப்பில் அது ஸோமசர்மா என்னும் அந்தணன். யாகம் செய்யப் புகுந்து, மந்திரமும் க்ரியையும் பிழைபட, நடுவிலே இறந்து, இந்த உருவத்தைப் பெற்றது. "கடைசியாகக் கைசிகப் பண்ணில் பாடினாயே, அந்த ஒரு பாட்டின் பலன் போதும்" என்று கெஞ்சிற்று. உயிருக்கு விலையாகக் கேட்டபோது கொடாதவர், துன்பம் என்று கேட்டவுடன் கொடுத்துவிட்டார். ராக்ஷஸ் கரையேறியது. கைசிகம் என்ற அப்பண்ணை இசைவாணர் இக்காலத்துப் பைரவி ராகத்தோடு ஒப்பிடுவர்.

வேதம் ஓதும் குலத்தார் இந்த இடத்தில் சற்று நின்று நடுங்க வேண்டும். பிறப்பும் மந்திரமும் கையில் இருந்தும் வழிதவறியவன் ஒருவன். இரண்டும் இல்லாமலே வழியைக் கண்டவர் ஒருவர். முன்னவன் பின்னவர் காலில் விழுந்து உய்ந்தான். இதை வெளியார் எவரும் குற்றமாகச் சொல்லவில்லை. வராஹப் பெருமானே பிராட்டிக்குச் சொல்ல, பராசர பட்டர் வியாக்யானம் செய்ய, திருவரங்கத்திலேயே கைசிக ஏகாதசி இரவில் நம்பெருமாள் திருமுன்பு வாசிக்கப்பட்டு வருவது. மந்திரத்தில் பிழை நேருமோ என்று அஞ்சுவது அர்ச்சகனுக்கு அழகு. தன்னால் பிறருக்கு வாசல் மறைந்ததோ என்று அஞ்சுவது அதனினும் அழகு.

நம்பியின் இந்தச் சுபாவத்தை ஆழ்வார்கள் அறிந்திருந்தார்கள். நால்வர் இத்தலத்தைப் பாடினர். நம்மாழ்வாரின் பெற்றோர் காரியும் உடையநங்கையும் இந்நம்பியை வேண்டியே அவரைப் பெற்றார்கள் என்பர். திருவாய்மொழி ஐந்தாம் பத்து ஐந்தாம் திருமொழியில் ஆழ்வார் ஒரு பெண்ணின் நிலையை ஏறிட்டுக்கொண்டு, நம்பியைக் கண்டது முதல் நெஞ்சு அவனிடமே போய்விட்டது, தாய்மாரே என்னைக் கோபித்துப் பயன் என்ன என்று கேட்கிறார். கண்டவர் பாடு அது. காணாமலே பாடியவர் பாட்டை நினைத்தால் என்ன சொல்வது! எம்பெருமானாரிடமோ நம்பி சிஷ்யனாகவே நின்று, திருமந்த்ரார்த்தம் கேட்டு, 'வைஷ்ணவ நம்பி' என்று பெயர் பெற்றான். ஆசார்யன் ஆஸனத்தில், ஸர்வேச்வரன் கீழே. இவ்வூருக்கு வந்தால் அவனுக்குக் குறுகுவதே வழக்கமாகிவிட்டது போலும்.

கைசிக ஏகாதசி இரவில் இவ்வூரில் புராணம் வாசிக்கப்படுவதோடு நாடகமாகவும் நடிக்கப்படுகிறது. இடையில் நலிந்திருந்த அந்நாடகத்துக்கு நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் 1999-இல் புத்துயிர் அளித்தனர். கோயிலுக்குள்ளேயே, நம்பியின் திருமுன்பே அது நடைபெறுகிறது. நம்பாடுவான் வேடம் பூண்டவர் சபதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, சுற்று வட்டாரத்திலிருந்து வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் குடியானவர்களும் முதிய பெண்டிரும், மேலே என்ன வரும் என்று தெரிந்திருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பர். ஒரு பகலில் ஆறேழு ஸந்நிதி பார்க்கும் யாத்திரையில் இது அகப்படாது. இரவு தங்கவேண்டும், விழித்திருக்கவேண்டும், பனிக்கு ஒரு போர்வை கொண்டுபோகவேண்டும்.

கார்த்திகை ஐப்பசியை அடுத்து வரும் மாதமாதலால் மலையில் மழை பெய்திருக்கும். நம்பியாற்றிலும் நீர் இருக்கும். த்வாதசி காலையில் அதில் நீராடி, திருப்பாற்கடல் நம்பியை ஸேவித்து, பிறகு ஊருக்குப் புறத்தே வயல்களின் நடுவில் இருக்கும் திருமங்கையாழ்வார் திருவரசுக்குப் போவது முறை. எத்தனையோ திவ்யதேசங்களுக்கு நடந்து நடந்து பாடிய அந்த ஆழ்வார், இனி நடை போதும் என்று நின்ற இடம் அது. அங்கே நின்றால் மேற்கே மலை முழுவதும் தெரியும். நெல் விளைந்திருக்கும் காலம். வரப்பிலே பார்த்து நடக்க வேண்டும்.